புதுப்பிப்பு: மஞ்சளாகிப்போன ஜோக்கர் பொம்மைத் தலை வெளுத்துவிட்டது

லெகோ 7782 பேட்விங் பொம்மை செட்டில் (2006) வந்த குட்டி ஜோக்கர் பொம்மையின் வெள்ளை பிளாஸ்டிக் தலை மஞ்சளாகிவிட்டது, முக அச்சு அழியாமல் வெளுக்க வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது ஹைட்ரஜன் பெராக்சைடு, வெயில் யோசனைதான். மருந்துக்கடையில் 6% பாட்டில் கிடைத்தது. சம அளவு தண்ணீர் கலந்து 3% ஆக்கினேன். தலையைத் தனியே கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கண்ணாடிக் குவளையில் மூழ்கவிட்டு நேர் வெயிலில் வைத்தேன். இரண்டு நாளில் மொத்தம் 9 மணி நேரம். வாயு வெளியேற வேண்டும், ஆகவே மூடியை இறுக்கக் கூடாது. கையுறை கட்டாயம்.

எதிர்பாராதது ஒன்று. உள்ளே குமிழி சேர்ந்து தலை மிதந்துவிட்டது. திரவத்துக்கு மேலே நின்ற பகுதியில் திட்டுத் திட்டாக வெளுப்பு. கழுத்துத் துளை மேலே பார்க்கும்படி கவிழ்த்து, அரை மணிக்கு ஒருமுறை குலுக்கியதும் இரண்டாம் நாள் சமமாகிவிட்டது. அச்சு அப்படியே இருக்கிறது.

பச்சை முடியையும் ஊதா உடலையும் போடவில்லை, நிறப் பாகங்கள் வெளிறும். குரோம் பூச்சு, ஸ்டிக்கர் உள்ளவற்றையும் போடாதீர்கள். உடலிலிருந்து கைகளைப் பிடுங்கவும் வேண்டாம். பழைய உடல்கள் பக்கவாட்டில் விரிசல் விடும். வெயில் படும் அலமாரியில் வைத்தால் மஞ்சள் மறுபடி ஏறும்.