மானுக்கு முழு வேலியா, செடிக்குச் செடி காப்பா? மசினகுடி பத்து சென்ட் தோட்டம்

சீகூர்வாசல்:
மசினகுடியில் வீட்டை ஒட்டி பத்து சென்ட் தோட்டம், 66-க்கு 66 அடி சதுரம். அவரை, பீட்ரூட், தண்டுக்கீரை, சர்க்கரைவள்ளி போட்ட பாத்திகள் ஏறக்குறைய நானூறு சதுர அடி. அதோடு நான்கு ரோஜா, இரண்டு செம்பருத்தி, ஓராண்டுக் கன்றாக மா மூன்று, கொய்யா இரண்டு, நெல்லி ஒன்று. இருட்டும் நேரத்தில் புள்ளிமான் கூட்டமாக வருகிறது, நள்ளிரவுக்கு மேல் கடமான். இப்போது இருப்பது நாலடி உயர முள்கம்பி வேலி, ஐந்து வரிசை. கீரையும் அவரையும் தரையோடு போய்விட்டன. சுற்றிலும் புது வேலி போடுவதா, செடிகளை மாற்றித் தனித்தனியாகக் காப்பதா? எந்தப் பக்கம் பேசினாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.

கல்கால்:
வேலிதான். ஆனால் முதல் வேலையாக அந்த முள்கம்பியைக் கழற்றுங்கள். புள்ளிமான் தாண்டும், ஆனால் தாண்டுவதைவிட நுழைவதைத்தான் விரும்பும். நாலடியில் ஐந்து வரிசை என்றால் வரிசைக்கு நடுவே பத்து அங்குலம். ஒரு கம்பி தொய்ந்தால் போதும், தலையைக் கொடுத்து உடம்பை இழுத்துக்கொண்டு வந்துவிடும். நாய் குரைத்து மிரண்டு ஓடும்போது அதே கம்பி தொடையைக் கிழிக்கும். புண்ணில் புழு வைத்துவிட்டால் அந்த மான் தேறுவது கஷ்டம்.

கணக்கு இதோ. சுற்றளவு 264 அடி. பக்கத்துக்கு எட்டு இடைவெளி, ஒவ்வொன்றும் எட்டேகால் அடி. மொத்தம் 32 வேலிக்கல். நான்கு மூலைக்கும் சாயாமல் தாங்க இரண்டிரண்டு முட்டுக்கல், கேட்டுக்கு இருபுறமும் ஒவ்வொன்று, ஆக 42. எட்டடிக் கல் எடுத்து இரண்டடி குழியில் இறக்கினால் மேலே ஆறடி நிற்கும். இரண்டு அங்குலக் கண் உள்ள செயின்லிங்க் வலை, 10 கேஜ். கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லிசு. 12 கேஜ் மலிவு என்பார்கள். காட்டுப்பன்றி இரண்டு முறை முட்டினால் அதன் கண் விரிந்துவிடும், அப்புறம் மான் குட்டிக்கு அதுதான் வாசல். மேலே, நடுவே, கீழே மூன்று ஓட்டக் கம்பி இழுத்து வலையை அதில் கட்ட வேண்டும்.

ஆறடி புள்ளிமானுக்குப் போதும். கடமானுக்குப் போதாது. கல்லின் தலையில் இரண்டடி இரும்பு ஆங்கிளைப் பொருத்தி, எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக முள் இல்லாத வழுக்குக் கம்பி மூன்று இழுத்தால் எட்டடி ஆகும். முள்கம்பி அங்கேயும் வேண்டாம்.

ஓமவல்லி:
கல்கால் சொன்ன அளவுகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 42 கல்லும் 264 அடி வலையும் எதைக் காக்க? மேயப்படுவது நானூறு சதுர அடிப் பாத்தியும் ஆறு மரக்கன்றும் ஆறு பூச்செடியும். மீதி நாலாயிரத்துக்குக் கிட்ட சதுர அடி சும்மா கிடக்கும் மண், நடைபாதை, வீட்டுச் சுவர். அதற்கெல்லாம் வேலி எதற்கு?

அதற்கும் முன்னால், எல்லாமே மான் வேலைதானா என்று பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துக் கிழிக்கும். கடிபட்ட தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நுனியில் நார் தொங்கும், ஒரு பக்கம் தோல் உரிந்து வால்போல நீண்டிருக்கும். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் சுத்தமாக இருந்தால், அதுவும் இரண்டடிக்குக் கீழே என்றால், முயல். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டப்பட்டிருந்தாலோ கன்றின் அடிப்பட்டை சுரண்டப்பட்டிருந்தாலோ முள்ளம்பன்றி. எட்டடி வேலி போட்டாலும் முள்ளம்பன்றி கீழே பள்ளம் பறித்துக்கொண்டு வந்துவிடும்.

கன்றுகளுக்கு என் முறை: இரண்டுக்கு இரண்டு அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), ஆறடி அகலச் சுருளில் பத்தடி நீளம் வெட்டுங்கள். அரையடி மேல்படிய வளைத்துக் கட்டினால் மூன்றடி விட்டமுள்ள கூண்டு. மூன்று குத்துக் கம்பி அடித்து அதில் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். கூண்டைச் சிறிதாக்கி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். இலை வலையில் உரசினால் மான் நாக்கை விட்டே உருவிவிடும். ஆறு கன்றுக்கு அறுபது அடி மெஷ். ரோஜா நான்கையும் ஒரே இடத்துக்கு மாற்றி ஒரே கூண்டில் அடையுங்கள்.

பாத்திக்கு நாலுக்குப் பத்து அடி அளவு வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பைப் பத்தடித் துண்டுகள் ஐந்து, இரண்டரை அடிக்கு ஒன்றாக. இருபக்கமும் இரண்டடிக் கம்பியை ஓரடி ஆழம் அடித்து, பைப்பை அதன்மேல் செருகி வளைத்தால் நடுவில் நாலடி உயரம் வரும். மேலே வலையை விறைப்பாக இழுத்து, தரையோடு செங்கல் வைத்து அழுத்துங்கள்.

கல்கால்:
என்ன வலை? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பலர் பழைய மீன்வலையைத்தான் போடுகிறார்கள். கிளைக்கொம்புள்ள ஆண்மான் அதில் தலையை விட்டால் வலை முறுக்கிக்கொள்ளும், உதற உதற இறுகும். பாம்பும் மாட்டும்.

ஓமவல்லி:
நியாயம், விட்டது என் தவறு. மீன்வலை கூடவே கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் போகாத கண் உள்ள கெட்டியான பறவை வலை, அதுவும் தொங்கல் இல்லாமல். விரலால் தட்டினால் முரசுத் தோல்போல் விறைப்பாக இருக்க வேண்டும். கொம்பு மாட்டுவது தொய்ந்த வலையில்தான்.

காட்டோரம்:
இரண்டு பேருமே இடம் எது என்பதை மறந்து பேசுகிறீர்கள். மசினகுடி முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம். சீகூர் யானை வழித்தடத்தை அரசு 2010-ல் அறிவித்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உங்கள் சர்வே எண் அதற்குள் வருகிறதா என்று தெரியாமல் ஒரு கல்கூட இறக்காதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சோலார் மின்வேலி நினைப்பு இருந்தால் அதற்கும் முன் அனுமதி வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். மான் மட்டுமல்ல, மனிதரும் யானையும் அதில் செத்திருக்கிறார்கள்.

நாயை ஏவி விரட்டும் யோசனையை யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். புள்ளிமான் துரத்தப்பட்ட அதிர்ச்சியிலேயே, கடிபடாமலேயே, சாகக்கூடிய பிராணி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. தவிர, இரவில் வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்கு அழைப்பு.

கோத்தகிரி மூலை:
உயரம் உயரம் என்றே பேசுகிறோம். மறைப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? அந்தப் பக்கம் எங்கே கால் வைப்பது என்று தெரியாத இடத்தில் மான் லேசில் தாண்டாது. பன்றிக்காக வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறார்களே, மானுக்கும் அந்தச் சேலை உதவுவது அது கண்ணை மறைப்பதால்தான். வெயிலில் 90 சதவீதத்தை மறைக்கும் நிழல்வலையை ஆறடி உயரத்துக்குக் கட்டினால், பார்வை ஊடுருவும் எட்டடிக் கம்பிக்கு ஈடாக நிற்கும். பச்சைதான் வேண்டும் என்றில்லை. ஆனால் எச்சரிக்கைக்கு நாடா கட்டினால் சிவப்பைத் தவிர்த்து வெள்ளை அல்லது நீலம் கட்டுங்கள். மான் கண்ணுக்குச் சிவப்பு எடுபடாது, நீலம் நன்றாகத் தெரியும்.

கல்கால்:
மறைப்பு வேலை செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிழல்வலை காற்றில் பாய்மரம். ஆறடி உயரத்தில் அந்த இழுப்பு முழுதும் மூலைக்கல்லில் விழும். முட்டுக்கல் இல்லாமல் கட்டினால் முதல் பெருங்காற்றிலேயே மூலை சாயும். வெயிலில் ஓரத் தையல்தான் முதலில் பிரியும். செயின்லிங்க் மேல் கீழ்ப்பாதிக்கு மட்டும் நிழல்வலை கட்டுங்கள். குட்டிக்கும் மறைப்பு, காற்றுக்கும் வழி.

கோத்தகிரிப் பக்கம் காட்டெருமை உண்டு. அதற்கு செயின்லிங்க் ஒரு பொருட்டே இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். சீகூரில் யானைக்கும் அப்படித்தான்.

ஓமவல்லி:
அதையேதான் நானும் சொல்கிறேன். யானை சாய்க்கக்கூடிய இடத்தில் 42 கல் நடுவதைவிட, சாய்ந்தால் மறுநாள் நிமிர்த்தக்கூடிய கூண்டு நல்லது.

அடுத்தது செடி. கூண்டுக்கு வெளியே, மான் நுழையும் பக்கத்தில் ஆடாதோடை வையுங்கள். ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே சொல்லியாகிவிட்டது. நொச்சி, எலுமிச்சைப்புல், ரோஸ்மேரி, கற்பூரவல்லி, மஞ்சள், இஞ்சி, சேனை இவற்றையும் மான் பெரும்பாலும் ஒதுக்கும். அரளியும் தொடாது. ஆனால் அது விஷம், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வைக்காதீர்கள். சர்க்கரைவள்ளிக் கொடி, அவரை, செம்பருத்தி, ரோஜாக் கொழுந்து இந்த நான்கும் மானுக்கு விருந்து. அவை கூண்டுக்குள் மட்டுமே.

கல்கால்:
"பெரும்பாலும்" என்ற அந்தச் சொல்லில்தான் நமக்குள் சண்டை. ஆடிமாதம் ஒதுக்கிய செடியை மாசி பங்குனியில் கடிக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட்டில் புல் காய்ந்து கிடக்கும்போது ருசி பார்ப்பதில்லை, ஈரம் உள்ள எதையும் தின்னும். வாசனைச் செடி வரிசை ஒரு தடுப்பும் இல்லை. அதன் நடுவே புகுந்து உள்ளே இருக்கும் கீரையைத் தின்றுவிட்டுப் போகும்.

ஓமவல்லி:
தடுப்பு என்று நான் சொல்லவில்லை. வெளியே வைக்கத் தகுந்தது என்றேன். கோடையில் முட்டைக் கரைசல் சேர்த்தால் அந்த நான்கு மாதமும் கடக்கலாம். ஒரு லிட்டருக்கு நான்கு முட்டை, 800 மில்லி தண்ணீர். நன்றாக அடித்துத் துணியில் வடிகட்டுங்கள், வெள்ளைக்கருவின் இழை ஒன்று தங்கினாலும் தெளிப்பான் மூக்கு அடைத்துவிடும். காதி சோப்புக் கரைசல் ஐந்து மில்லி சேர்த்தால் இலையில் ஒட்டும். இலை காய்ந்திருக்கும்போது மாலையில் தெளிக்கவும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மழை பெய்தால் உடனே மறுமுறை. தெளித்தபின் விட்ட கொழுந்துக்குப் பாதுகாப்பு இல்லை. ரோஜா பத்து நாளில் புதுக்கொழுந்து விடும், அதற்குத் தனியாக அடிக்க வேண்டும். கீரையில் அடிக்கவே கூடாது. பச்சை முட்டையில் கிருமி இருக்கும்.

காட்டோரம்:
முட்டைக்குப் பதில் மீன் அமிலம் அடிக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள். அதில் வெல்லம் இருக்கிறது. கரடியும் பன்றியும் உலவும் ஊரில் வெல்ல வாசனையைத் தோட்டத்தில் பரப்ப வேண்டாம். நெல்லி காய்க்கும் காலத்தில் உதிர்ந்த காயை அன்றன்று பொறுக்குங்கள், நெல்லிக்காய் என்றால் புள்ளிமானுக்கு உயிர். குரங்கு மரத்தில் ஏறி இலையும் காயும் உதிர்த்தால் அதன் கீழேயே மான் வந்து நிற்கும். ஆகவே குரங்கு வந்த நாளில் கீழே கூட்டிவிடுவதும் மான் தடுப்புதான்.

தங்கூசி நரம்பை (மீன்பிடிக்கும் நைலான் இழை) மரத்துக்கு மரம் கட்டும் யோசனை இணையத்தில் சுற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத தடை மானைக் குழப்பும் என்பது அதன் வாதம். இருட்டில் ஓடிவரும் கூட்டத்தின் கழுத்திலும் கொம்பிலும்தான் அது சுற்றும். தயவுசெய்து கட்டாதீர்கள்.

சீகூர்வாசல்:
எல்லோருக்கும் நன்றி. கடிபட்ட தண்டுகளைப் பார்த்தேன். அவரையில் நார் தொங்குகிறது, கீரைத் தண்டில் பாதி சாய்வெட்டு. ஆக முயலும் உண்டு. முள்கம்பியைக் கழற்றுகிறேன். வழித்தட விவரம் எழுத்தில் வரும்வரை கல் நடவில்லை. கன்றுக்கு ஆறு கூண்டு, ரோஜாவுக்கு ஒன்று, செம்பருத்திக்கு ஒன்று, பாத்திக்கு வளைவு வலை. சரிதானா?

ஓமவல்லி:
சரி. முயல் இருப்பதால் பாத்தியைச் சுற்றிக் கீழே ஒன்றரை அடி உயரத்துக்கு ஓரங்குல அறுகோண வலையைச் சேர்த்து, அதில் அரையடியை வெளிப்பக்கம் மடித்து மண்ணில் புதையுங்கள். மா தலைக்கு மேல் வளர்ந்ததும் கூண்டை எடுத்துவிடாதீர்கள். ஆண்மான் கொம்பு தேய்க்கத் தேடுவது கட்டைவிரல் முதல் மணிக்கட்டுவரை பருமன் உள்ள தண்டைத்தான். பட்டை சுற்றிலும் உரிந்தால் மரம் போச்சு. தண்டு நன்றாகப் பருக்கும்வரை தரையிலிருந்து நாலடிக்கு மெஷ் உறை இருக்கட்டும்.

கல்கால்:
நான் இன்னும் வேலிப் பக்கம்தான். எட்டுக் கூண்டையும் பாத்தி வலையையும் களை எடுக்க, காய் பறிக்க என்று தினம் திறந்து மூட வேண்டும். ஒருநாள் மாலை ஒன்றை மூட மறந்தால் அன்றைக்கே போய்விடும். அனுமதி வந்தால் முழுதும் வேண்டாம், பாத்திகளை ஒரே இடத்துக்குச் சேர்த்து இருபதுக்கு இருபது அடிக்கு மட்டும் போடுங்கள். சுற்றளவு 80 அடி, பக்கத்துக்கு மூன்று இடைவெளியாகப் பன்னிரண்டு கல், மூலைக்கு இரண்டாக எட்டு முட்டுக்கல். அவ்வளவு சின்ன அடைப்புக்குள் குதிக்க மான் தயங்கவும் செய்யும், இறங்கவும் ஓடவும் இடம் போதாது. கேட்டின் அடியில் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். கீல் பக்கம் தரை தேய்ந்து பள்ளமாகும், அங்கே ஒரு தட்டைக் கல்லைப் பதித்துவிடுங்கள்.

ஓமவல்லி:
இருபதுக்கு இருபது என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. கன்றுகள் வெளியே கூண்டில்.