கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிறகு வேலை கொடுத்தாலே கம்ப்யூட்டர் அணைகிறது, யாராவது சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். கோயில் காவடி வீடியோக்களை எடிட் செய்ய ஒரு பழைய டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010 கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். சின்ன பெட்டி (எஸ்எஃப்எஃப்), ஐ5-3470, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. பவர் சப்ளை கூடவே வந்த 240 வாட்.

போன மாதம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். தனி பவர் வயர் கேட்காத வகை, ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரை இழுக்கும். படம் பார்க்க, டைம்லைனில் வெட்டி ஒட்ட எல்லாம் சரி. எக்ஸ்போர்ட் கொடுத்தால்தான் தொல்லை: மின்விசிறி ஒரு நொடி உறுமும், திரை இருண்டு பெட்டியே அணைந்துவிடும். நீலத்திரையும் இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டேன். பயாஸ் புதுப்பித்தேன். சிபியு பேஸ்ட் மாற்றினேன். ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். லோட் ஷெடிங்குக்காக (மின்வெட்டு) வைத்த யுபிஎஸ் மேல் சந்தேகம் வந்து, நேரே சுவர் பிளக்கிலும் போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். கார்டைக் கழற்றினால் மணிக்கணக்கில் ஓடுகிறது. அதே கார்டு மச்சானின் பெரிய பெட்டியில் மூச்சுவிடாமல் எக்ஸ்போர்ட் செய்கிறது!

எனக்குப் பவர் சப்ளை மேல்தான் சந்தேகம். ஆனால் சாதாரண ஏடிஎக்ஸ் அளவு பவர் சப்ளை இந்தப் பெட்டிக்குள் நுழையாது. இதற்கென்றே உள்ளதைத் தேடி வாங்க வேண்டும். அப்புறம் அதுவும் அணைந்தால் காசு வீண்.

இதே 7010 சின்ன பெட்டியில், 240 வாட்டிலேயே 1050 டிஐயை முழு வேலை கொடுத்து ஓட்டுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?