புதுப்பிப்பு: பழைய மாருதி 800 கியர் ஆயில்

காலையில் இரண்டாம் கியர் கரகரக்கிறது, ஆயில் மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றியாச்சு.

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடித்தால் கசடும் சேர்ந்து இறங்கும். ஆனால் வடிக்குமுன், புது ஆயில் ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது துருவேறி அசையாவிட்டால், ஆயில் இல்லாத வண்டி அப்படியே நிற்க வேண்டியதுதான். திறக்குமுன் சுற்றியுள்ள செம்மண் புழுதியைத் துடைத்துவிடணும்.

வடிகால் போல்ட்டில் சாம்பல் நிறப் பசைதான், அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லு வந்தால்தான் கியர் பெட்டியைப் பிரிக்கணும்.

ஊற்றியது 75டபிள்யூ-90 (ஆயிலின் தடிமன் அளவு), ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை). கடையில் ஜிஎல்-5 நீட்டினால் வாங்காதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) அரிக்கக்கூடும். வண்டி சமதளத்தில் நிற்க, ஊற்றும் துளையில் வழியும் வரை ஊற்றினால் அளவு சரி.

கியரை நிதானமாகப் போட்டால் இப்போது சத்தமில்லை. அவசரத்தில் லேசாகக் கரகரக்கிறது. ரிங் தேய்மானம், ஆயிலால் தீராது.