பத்தாயிரம் ரூபாய்க்குள் கார்பன் பிளேட் ஷூ: எதைப் பார்த்து வாங்குவது?

காட்பாடி_21கே:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஜனவரியில சென்னை ஹாஃப் மாரத்தான் (21 கிலோமீட்டர்) ஓடப் போறேன். இப்போதைக்கு ஹாஃப் 1 மணி 50 நிமிஷம், டென் கே (10 கிலோமீட்டர்) 49 நிமிஷம். கார்பன் பிளேட் ஷூ, அதான் அடியில கார்பன் தகடு வச்ச ஓட்ட ஷூ, ஒண்ணு வாங்கணும், பட்ஜெட் 10,000 ரூபாய். ரேஸுக்கும் வாரம் ஒரு ஸ்பீடு ஒர்க்அவுட்டுக்கும் அதையே போடலாம்னு நினைப்பு. ஆன்லைன்ல 3,000-க்கும் கார்பன்னு போட்டு விக்கிறாங்க, 20,000-க்கும் விக்கிறாங்க. வித்தியாசம் எதுல இருக்கு? இன்டர்வல் (வேகமா ஓடி, நடுவுல இளைப்பாறி, திரும்ப ஓடுறது) வேலூர் நேதாஜி ஸ்டேடியத்துல, டெம்போ (நிறுத்தாம ஒரே சீரான வேகத்துல ஓடுறது) ஹைவே சர்வீஸ் ரோட்டுல. அகலமான பாதம், அதையும் கணக்குல வச்சு சொல்லுங்க.

பாலாறு_பேசர்:
தம்பி, முதலில் ஃபோமை, அதாவது ஷூவின் அடிமெத்தையைப் பாருங்கள், பிளேட் அப்புறம்.

2017-ல் நைக் வேப்பர்ஃப்ளை 4% வந்தபோது எல்லார் கண்ணும் கார்பன் தகட்டின் மேலேதான் இருந்தது. பிறகு அமெரிக்காவில் ஆய்வாளர்கள் அதே ஷூவின் பிளேட்டை முன்பாதப் பகுதியில் குறுக்கே பல இடத்தில் அறுத்துவிட்டு ஓட வைத்துப் பார்த்தார்கள். ஓடுவதற்குச் செலவாகும் சக்தியில் சொல்லும்படியான மாற்றம் வரவில்லை. லாபத்தில் பெரும் பங்கு பீபா என்கிற லேசான, அமுங்கினால் உடனே எகிறும் ஃபோமுக்குத்தான். பிளேட்டின் வேலை அந்த மெத்தென்ற ஃபோம் ஆடாமல் பிடித்து வைப்பதும், முன்பக்க வளைவோடு சேர்ந்து பாதத்தை உருட்டி விடுவதும். சாதாரண ஷூக்களில் வரும் ஈவிஏ ஃபோமுக்குள் கார்பனைச் சொருகினால் விறைப்பான ஷூ கிடைக்கும், வேகமான ஷூ கிடைக்காது.

அதனால் விவரப் பக்கத்தில் மிட்சோல் (அந்த ஃபோம் அடுக்கு) என்ன பொருள் என்று தேடுங்கள். பீபா அல்லது அதன் வணிகப் பெயரான பெபாக்ஸ் என்று இருக்க வேண்டும். ஆசிக்ஸ் மேஜிக் ஸ்பீடு 3-ல் கார்பன் பிளேட் உண்டு, ஃபோம் பீபா இல்லை. சாக்கனி எண்டார்ஃபின் ஸ்பீடு 3-ல் நைலான் பிளேட்தான், ஃபோமோ அதன் அண்ணன் எண்டார்ஃபின் ப்ரோ 3-ல் இருக்கும் அதே பீபா. உங்கள் வேகத்துக்கு இரண்டாவதையே எடுக்கச் சொல்வேன். நைலான் கொஞ்சம் வளையும். டெம்போ, இன்டர்வல் எல்லாவற்றுக்கும் கால் வலிக்காமல் போடலாம்.

கார்பன்தான் வேண்டும் என்றால் பூமா டீவியேட் நைட்ரோ 2 (மேல் அடுக்கு பீபா, கீழே சாதா ஃபோம், ஈரத் தரையிலும் வழுக்காத ரப்பர்), டெகாத்லானின் கிப்ரன் கேடி900எக்ஸ் இரண்டையும் பாருங்கள். டீவியேட் 250 கிராமைத் தாண்டும், சுத்தமான ரேஸ் ஷூ இல்லை. ஆனால் ஒரே ஜோடியில் பயிற்சியும் ரேஸும் முடிக்க நினைப்பவருக்கு அதன் தடித்த அவுட்சோல் (தரையில் படும் ரப்பர்) நல்லது. எந்த பிராண்டானாலும் புது வெர்ஷன் வந்ததும் பழையது தள்ளுபடிக்கு வரும். அப்போது வாங்குங்கள். ஒரு வெர்ஷன் பழசு என்பதால் உங்கள் நேரம் கூடாது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். வேப்பர்ஃப்ளை பெயரில் இருக்கும் அந்த 4 சதவீதம் வேகமான ஓட்டக்காரர்களை வைத்து அளந்தது, அதுவும் சக்திச் செலவில். கடிகாரத்தில் அவ்வளவு குறையாது. வேப்பர்ஃப்ளையின் பின்வந்த வெர்ஷனை மெதுவான வேகத்தில் சோதித்தபோது சராசரி லாபம் மணிக்கு 12 கிலோமீட்டரில் 1.4 சதவீதம், 10 கிலோமீட்டரில் 0.9 சதவீதம். 1:50 ஹாஃப் என்றால் நீங்கள் 11.5-ல் ஓடுகிறீர்கள். நிமிடக் கணக்கில் ஒன்று, ஒன்றரைக்கு மேல் ஷூ தராது. வாரம் ஒரு டெம்போவை விடாமல் ஓடினால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

ஆம்பூர்_லாஸ்ட்:
மேல அண்ணன் சொன்னது சரி. நான் ஷூ கம்பெனி வேலைக்காரன், பொருள் பக்கத்துல இருந்து சொல்றேன்.

அந்த 3,000 ரூபா ஷூவை நம்பாதீங்க. சிலதுல கார்பன் கலர்ல பிளாஸ்டிக் தகடு, சிலதுல அதுவும் இல்ல, அடியில கட்டம் கட்டமா பிரின்ட் மட்டும்தான். வந்ததும் மூணு வேலை பண்ணுங்க. சமையலறைத் தராசுல ஒத்த ஷூவை வைங்க. ரேஸ் ஷூன்னு வாங்கினது 8-ம் நம்பர்ல சுமாரா 230 கிராமுக்குள்ள இருக்கணும், 280 காட்டினா திருப்பி அனுப்புங்க. அடுத்தது, கட்டை விரலால மிட்சோல் பக்கவாட்டை அழுத்தி விடுங்க. பீபா உடனே எழும்பும், மலிவான ஈவிஏ குழி விழுந்து மெதுவா மேல வரும். மூணாவது, ஷூ நாக்குக்கு உள்பக்கம் இருக்கிற லேபிள் நம்பரும் டப்பா மேல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. கார்பனான்னு பார்க்க ஷூவை ரெண்டா மடிக்கிறாங்க, அதைப் பண்ணாதீங்க, பிளேட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவுல ஒட்டு விடும்.

அளவு விஷயம். இந்த ஷூவெல்லாம் ஒல்லியான லாஸ்ட்ல (ஷூ செய்யுற பாத அச்சு) ஏத்துறது. அகலப் பாதம்னா அரை சைஸ் கூட்டுங்க. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ரேஸ்ல போடப்போற அதே சாக்ஸோட போட்டுப் பாருங்க. பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேணும். நீளம் சரியா இருந்து சுண்டு விரல் பக்கம் அப்பர் (மேல் துணி) பிதுங்கினா அந்த மாடலே வேணாம். ஹாஃப்ல 15 கிலோமீட்டருக்கு மேல அங்கதான் கொப்புளம் வரும்.

வேலூர் வெயிலைப் பத்தி யாரும் சொல்றதில்ல. ஃபோமும் பசையும் சூட்டுக்குப் பயப்படுற சாமான். மூடின கார் டிக்கியில, பைக் பெட்டியில, மத்தியான மொட்டை மாடியில வைக்கவே கூடாது. ஃபோம் சுருங்கும், அவுட்சோல் ஓரம் தூக்கும். நனைஞ்சா இன்சோலை எடுத்துட்டு, உள்ள பேப்பர் திணிச்சு, நிழல்ல காத்தாட வைங்க. வாஷிங் மெஷின் வேணாம்.

ரப்பர் உரிஞ்சா தெருமுனையில ஃபெவிக்விக் போட்டுத் தருவாங்க. அது காய்ஞ்சா கல்லா இறுகி, நாலு ஓட்டத்துல ஃபோமையும் பிச்சுக்கிட்டு வரும். ஷூ வேலைக்கான பியூ (பாலியூரித்தேன்) பசை வாங்குங்க. ரெண்டு பக்கமும் சுத்தம் பண்ணி மெல்லிசா தடவி, கையில ஒட்டாத அளவு காய விட்டு, ரப்பர் துண்டை மட்டும் லேசா சூடாக்கி அழுத்துங்க. ஃபோம் மேல சூடு காட்டாதீங்க. ஒரு நாள் முழுக்க போடாம வைங்க. பிளேட் உடைஞ்சா மட்டும் வழியில்ல, அது ஃபோம் அடுக்குக்கு நடுவுல ஒட்டியிருக்கு.

பாகாயம்_பிசியோ:
கால் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். விறைப்பான பிளேட் விரல் மூட்டு மடங்குவதைக் குறைக்கிறது, பாதத்துக்கு வரும் சுமை பழகாத இடங்களுக்கு மாறுகிறது. பாதத்தின் நடுவில் உள்ள நேவிகுலர் எலும்பில் அழுத்தக் காயம் (ஓயாத சுமையால் எலும்புக்கு வரும் பாதிப்பு) வந்த ஐந்து பேரைப் பற்றி 2023-ல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. ஐவரும் கார்பன் ஷூ அணிந்து ஓடியவர்கள். ஐந்து பேரை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பாதத்தின் மேல்புறம், நடுவில், விரலால் தொட்டால் வலிக்கும் ஒரு புள்ளி இருந்தால் ஓட்டத்தை நிறுத்தி எலும்பு டாக்டரைப் பாருங்கள். அதைச் சுளுக்கு என்று நினைத்து ஓடுவது பெரிய தவறு.

பழக்கும் முறை: முதல் வாரம் ஈஸி ரன்னின் (மெதுவான ஓட்டம்) கடைசி 15 நிமிடம் மட்டும். அடுத்த வாரம் இன்டர்வலில் பாதி. மூன்றாவது வாரம் முழு டெம்போ. ரேஸுக்கு முன் மொத்தம் 40, 50 கிலோமீட்டர், அதில் ஒரு தடவையாவது ரேஸ் வேகத்தில் 10 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். மறுநாள் காலை கெண்டைக்கால் இறுக்கமாக இருந்தால் அந்த வாரம் கூட்டாதீர்கள். ஈஸி ரன் எல்லாம் சாதா ஷூவில்தான்.

ஏலகிரி ஏற்றத்துக்குப் போகும் நம் ஆட்கள் சிலர் இதையே போட்டு இறங்குகிறார்கள். 14 கொண்டை ஊசி வளைவிலும் உயரமான மெத்தென்ற குதிகால் வெளிப்பக்கம் சாயும், கணுக்கால் பிரளும். பாலாற்றுக் கரை ஜல்லிப் பாதையும் வேண்டாம். பல மாடல்களில் அடியில் நடுப்பகுதி வெறும் ஃபோம்தான், கூர்கல் கிழித்துவிடும்.

காட்பாடி_21கே:
ரொம்ப நன்றிண்ணா. ரெண்டு சந்தேகம். மாவட்ட தடகள மீட்ல 5,000 மீட்டருக்கு இதே ஷூ போடலாமா? எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?

பாலாறு_பேசர்:
உலகத் தடகள விதிப்படி 2024 நவம்பர் 1 முதல் டிராக் போட்டிகளில் சோல் உயரம் 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாலைப் போட்டிக்கு 40 மில்லிமீட்டர், ஒரே ஒரு பிளேட். ரோடு கார்பன் ஷூ எல்லாமே 20-க்கு மேல். மீட்டுக்கு ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ) அல்லது மெல்லிய அடி உள்ள ஃப்ளாட் ஷூ. ஸ்டேடியத்தில் பயிற்சிக்குத் தடையில்லை.

உழைப்பு என்றால், பீபா ஷூவை 450 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அளந்த ஆய்வில், ஈவிஏ-வைவிட அதற்கு இருந்த லாபம் காணாமல் போயிருந்தது. ஷூ கிழியாது, ரப்பர்கூட பாக்கி இருக்கும், எகிறல் மட்டும் போய்விடும். வாரம் 10 கிலோமீட்டர் ஸ்பீடு ஒர்க்அவுட் என்று வைத்தாலும் வருஷம் தாங்காது. எனவே இன்டர்வலில் பாதியைச் சாதா ஷூவில் ஓடுங்கள். ஜனவரி வரை இதில் 150 கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். கடிகார ஆப்பில் இந்த ஜோடிக்குத் தனிக் கணக்கு போட்டு வையுங்கள்.