போலி நிலா வேண்டாம், வழித்துணைக்கோள் என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பூமியைச் சுற்றுவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் சூரியனைச் சுற்றும் சிறுகோளை ஆங்கிலத்தில் ‘குவாசி மூன்’ என்கிறார்கள். அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது என்று நம் மடற்குழுவில் பத்து நாட்களாக நடக்கும் பேச்சை இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அல்சூர் ஏரிக்கு அருகில் எங்கள் குடியிருப்பில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதவும் படிக்கவும் சொல்லித்தருகிறோம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறவர்கள். வீட்டில் பேசுகிற தமிழை அவர்கள் எழுத்தில் பார்ப்பது இந்த இரண்டு மணி நேரத்தில்தான். சென்ற வாரம் 2025 பிஎன்7 என்ற சிறுகோளைப் பற்றிய செய்தியை எடுத்துப் போயிருந்தேன். இங்கே முதலில் வந்த பரிந்துரையை நம்பிப் பலகையில் ‘போலி நிலா’ என்று எழுதினேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி எழுந்து, “அப்படியென்றால் அது அங்கே இல்லையா, அக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “பிறகு எதற்குப் போலி?” என்றாள். அதன்பின் வகுப்பு முழுவதும் அந்தச் சொல்லுக்குச் சமாதானம் சொல்வதிலேயே போயிற்று. வானத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. பிள்ளையைப் பொருளுக்குள் அழைத்துப்போக வேண்டிய சொல் வாசலிலேயே மறித்து நின்றுவிட்டது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். நம் நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் பூமியைச் சுற்றுகிறது. சூரியனின் இழுப்பை மீறிப் பூமி ஒரு பொருளைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய எல்லை ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர். குவாசி மூன்களில் ஒன்றான கமோஓஅலேவா என்ற சிறுகோள், ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் ஹலேயாகலா மலையிலுள்ள பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் 2016 ஏப்ரலில் தென்பட்டது. அது நம்மை மிக நெருங்கும்போதுகூட நிலவின் தொலைவைப் போல 38 மடங்கு தள்ளித்தான் இருக்கிறது, அதாவது ஏறத்தாழ 1.46 கோடி கிலோமீட்டர். விலகும்போது நூறு மடங்கு வரை போகிறது. ஆகவே பூமியின் பிடிக்குள் அது இல்லவே இல்லை. அது சுற்றுவது சூரியனை. ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் மட்டும் கிட்டத்தட்ட நம் ஓராண்டு.

அதன் பாதை நம் பாதையைவிடச் சற்று நீள்வட்டமானது. ஆண்டில் பாதிக் காலம் நம்மைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்து முந்திப் போகிறது. மறுபாதியில் வெளியே விலகிப் பின்தங்குகிறது. கப்பன் பூங்காவில் பாட்டியோடு காலை நடைக்கு வரும் பேரனைப் பாருங்கள். சற்று முன்னால் ஓடுவான், புல்வெளி ஓரமாக ஒதுங்கி நிற்பான், பாட்டி கடந்த பிறகு பின்னால் வருவான், மறுபக்கமாக மீண்டும் முந்துவான். பாட்டி கையைப் பிடித்திருக்கவில்லை. பாட்டியின் கண்ணுக்கு அவன் தன்னைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மரத்தின் மேலிருந்து பார்க்கும் பறவைக்கோ இருவரும் ஒரே பாதையில் போகிறார்கள். ரொம்ப விலகினால் பாட்டி ஒரு குரல் கொடுப்பாரே, அந்தக் குரல்தான் பூமியின் மெல்லிய ஈர்ப்பு. பிஎன்7 நடப்பதும் இதே வகை நடைதான். செய்திகளில் ‘இரண்டாவது நிலா’ என்று வந்தது வாசகர்களுக்குச் செய்த தீங்கு என்றே நினைக்கிறேன். எத்தனை பேர் அன்று மாடிக்குப் போய் வானத்தைத் தேடினார்களோ!

இப்போது ‘போலி’. நம் குழுவின் மும்பை ஐயா எழுதிய மடலை மூன்று முறை படித்தேன். போலி இழிவான சொல் அன்று, இலக்கணத்தில் மதிப்பான இடம் உள்ள சொல் என்றார். அறம் என்பது அறன் என வருவது கடைப்போலி. இல்வாய் என்பது வாயில் என மாறுவது இலக்கணப்போலி. அறன் ஒன்றும் பொய்யான அறம் அன்று என்றும் எழுதியிருந்தார். மறுக்க முடியாத தமிழறிவு. ஆனால் ஐயா, அதே வாதத்தை வைத்தே பாருங்கள். இலக்கணப்படி போலி என்றால் எழுத்தோ இடமோ மாறினாலும் பொருள் மாறக்கூடாது. அறன் என்று எழுதினாலும் அறத்தின் வேலையைச் செய்கிறது. கமோஓஅலேவா நிலவின் எந்த வேலையைச் செய்கிறது? கடல் அதற்காகப் பொங்குவதில்லை. கிரகணம் இல்லை. வெறுங்கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. அளவு நூறு மீட்டருக்குள். நிலவின் இடத்தில் நின்று நிலவின் பொருளைத் தராத ஒன்றை இலக்கணமே போலி என்று ஏற்காது.

வழக்கில் அந்தச் சொல் பட்டிருக்கும் கறையையும் நாம் மறக்க முடியாது. போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிக் கையெழுத்து என்றுதான் பிள்ளைகள் நாளும் கேட்கிறார்கள். ஏமாற்றும் நோக்கம் அந்தச் சொல்லுக்குள் குடியேறிவிட்டது. ஒரு கல் யாரை ஏமாற்றிற்று?

இன்னொன்று இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. கமோஓஅலேவாவின் மேல் பட்டு வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள், நிலவிலிருந்து கொண்டுவந்த பாறைகளோடு அது ஒத்துப்போகிறது என்று 2021இல் எழுதினார்கள். ஏதோ ஒரு மோதலில் நிலவிலிருந்து தெறித்த துண்டாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. நிலவின் மறுபக்கத்திலுள்ள ஜியோர்டானோ புரூனோ பள்ளம் பிறந்த மோதலே அதுவாக இருக்கலாம் என்று 2024இல் இன்னோர் ஆய்வு வந்தது. உறுதி செய்ய மண் வேண்டும். அதை எடுத்து வரத்தான் சீனா 2025 மே மாதம் தியான்வென்-2 கலத்தை அனுப்பியது. அந்தக் கலம் திரும்பும்போது செய்தி எல்லா மொழிகளிலும் வரும். நிலவின் சொந்தச் சதையாக இருக்கக்கூடிய ஒன்றை அன்றைக்குத் தமிழில் ‘போலி நிலா’ என்று எழுதுவதா?

மற்ற பரிந்துரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அரை நிலா’ எட்டாம் நாள் வானத்தில் இருப்பது, அதைத் தொட வேண்டாம். ‘நிழல் நிலா’ கேட்க அழகு, பொருள் இல்லை. தில்லி அம்மா தந்த ‘உடன்சுற்றுக்கோள்’ மிக நல்ல சொல். இத்தனை நல்ல சொல்லை இந்த ஒரு வகைக்கு மட்டும் செலவழித்துவிடக் கூடாது என்பதே என் கவலை. ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயராக வேண்டும். சனியின் ஜானஸ், எபிமீத்தியஸ் என்ற இரண்டு நிலாக்களின் பாதைகளுக்கு நடுவே 50 கிலோமீட்டர்தான் இடைவெளி. நிலாக்களோ அதைவிடப் பெரியவை. உள்ளே இருப்பது மெல்ல எட்டிப் பிடிக்கும், மோதப்போகிறது என்று தோன்றும் நேரத்தில் ஒன்றையொன்று இழுத்துத் தடம் மாற்றிக்கொண்டு விலகிவிடும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இது நடக்கிறது. உடன்சுற்றுக்கோள் என்ற பெயருக்கு அந்த இணையைவிடத் தகுதியானவை எவை?

‘குவாசி’ என்ற முன்னொட்டுக்கு ஒரே தமிழ் முன்னொட்டை நிறுவிவிட்டால் எல்லாத் துறைக்கும் உதவுமே என்று மூவர் எழுதியிருந்தீர்கள். துண்டு துண்டாகப் பெயர்த்தும் நல்ல சொற்கள் பிறந்திருக்கின்றன, மென்பொருளும் வன்பொருளும் அப்படி வந்தவைதாம். ஆனால் அங்கே மென், வன் என்ற இரண்டும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன. ‘குவாசி’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘அதைப் போல’ என்று மட்டுமே பொருள். எதைப் போல, எந்த வகையில் போல என்று அது சொல்வதில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்து நாம் ஏன் பெயர்க்க வேண்டும்? ஹவாய் மக்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். கமோஓஅலேவா என்பது அவர்களின் படைப்புப் பாடலில் இருந்து எடுத்த பெயர். ஊசலாடும் துண்டு என்று பொருள். அது என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தபோது நிலவுத் துண்டு என்ற ஆய்வு வந்திருக்கவில்லை என்பது தனி வியப்பு.

என் பரிந்துரை: வழித்துணைக்கோள்.

துணைக்கோள் என்பது நம் மொழி செய்த நல்ல வேலைகளில் ஒன்று. வியாழனைச் சுற்றுபவற்றைக் கலிலியோ 1610இல் கண்ட பிறகு கெப்ளர் அவற்றுக்கு வைத்த இலத்தீன் பெயருக்கு ஏவலர், மெய்க்காவலர் என்று பொருள். தமிழில் அவை துணை ஆயின. துணைவேந்தர் என்பதில் வரும் துணை ஒரு படி கீழே நிற்பது. வாழ்க்கைத்துணை என்பதில் வரும் துணை பக்கத்தில் நிற்பது. புதன் கோளைவிடப் பெரிய கானிமீடையும் டைட்டனையும் சொல்ல இந்த இரண்டாம் பொருள் எத்தனை பொருத்தம்!

வழித்துணை அந்தப் பொருளிலேயே வேர்விட்ட சொல். நாம் புதிதாக ஒட்டவைத்ததும் அன்று. பெங்களூரிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போகும்போது வேலூருக்குச் சற்று முன்னால் விரிஞ்சிபுரம் வரும். அங்குள்ள இறைவனுக்கு மார்க்கபந்தீசுவரர் என்று பெயர், தமிழில் வழித்துணைநாதர். பயணம் போகிறவர்கள் வேண்டிக்கொள்ளும் கோயில். என் அம்மா அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் இருந்தபடியே கைகூப்புவார். வழித்துணை யாரையும் கட்டிப்போடுவதில்லை. அவருக்கு அவர் போக வேண்டிய இடம் இருக்கிறது. பாதை ஒன்றாக இருக்கும்வரை கூட வருகிறார். கமோஓஅலேவா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நம்மோடு வருகிறது, இன்னும் சில நூற்றாண்டுகள் வரும், பிறகு பிரிந்துவிடும் என்பது கணக்கு. இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

மற்றக் கோள்களுக்கும் பொருந்துகிறதா என்று சோதித்தேன். வெள்ளிக்கு நிலாவே கிடையாது, ஆனால் 2002இல் கண்டுபிடித்த ஒரு சிறுகோள் அதனோடு இப்படி நடக்கிறது. ஒரு குழந்தையின் அறைச் சுவரொட்டியில் அதன் எண்ணும் எழுத்தும் தவறாகப் படிக்கப்பட்டு ‘சூஸ்வே’ என்று அச்சாகியிருந்தது. 2024இல் அதுவே முறையான பெயராயிற்று. “வெள்ளிக்குத் துணைக்கோள் இல்லை, சூஸ்வே என்ற வழித்துணைக்கோள் உண்டு.” எழுதிப் பார்த்தேன், தடை இல்லாமல் வாசிக்க வருகிறது.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். வழித்துணை + கோள் என்று பிரிக்காமல் வழி + துணைக்கோள் என்று பிரித்து, இதுவும் ஒரு வகைத் துணைக்கோள்தான் என்று யாரேனும் எண்ணலாம். நியாயமான அச்சம். இரண்டு நாள் யோசித்தேன். பாடநூல், கலைக்களஞ்சியம் போன்ற இடங்களில் முதன்முறை வரும்போது ‘வழித்துணைச் சிறுகோள்’ என்று எழுதலாம். நாம் அறிந்த இவை எல்லாமே சிறுகோள்கள் என்பதால் பிழையும் வராது. தொடர்ந்து வரும் இடங்களில் வழித்துணைக்கோள். மும்பை ஐயா இந்தப் புணர்ச்சியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய மிகவும் விரும்புகிறேன்.

கடைசியாக, நம் மடல்களில் இதனோடு கலந்துவிட்ட ‘மினி மூன்’. அது வேறு. 2024 பிடி5 என்ற, ஒரு பஸ் அளவுள்ள கல் 2024 செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை பூமியின் பிடியில் இருந்தது, ஒரு சுற்றுக்கூட முடிக்காமல் போய்விட்டது. 2020இல் கண்டுபிடித்த சிடி3 அதற்கு முன்பே சில ஆண்டுகள் சுற்றியிருந்தது. இவற்றைக் ‘குறுநிலா’ என்பதில் எனக்கு நிறைவு இல்லை. பிஎன்7 கூடச் சிறியதுதான், செவ்வாயின் டீமோஸ் 12 கிலோமீட்டர்தான். சிறுமை இங்கே அடையாளம் ஆகாது. வந்து சில நாள் தங்கிப் போவதுதான் அடையாளம். விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை, புதிதாக வந்தவர் என்பதே பழம்பொருள் என்பதால் ‘விருந்துநிலா’ என்று நினைத்தேன். ஆனால் இன்று அதைக் கேட்கும் பிள்ளைக்கு இலையும் சோறும்தான் நினைவுக்கு வரும் என்று தோன்றுகிறது. இதில் எனக்குத் தெளிவு இல்லை.

வரும் ஞாயிறு பலகையில் வழித்துணைக்கோள் என்று எழுதப்போகிறேன். மினி மூனுக்கு சனிக்கிழமை மாலைக்குள் யாராவது ஒரு சொல் தந்தால் அதையும் பக்கத்தில் எழுதுவேன். அந்தச் சிறுமி என்ன கேட்டாள் என்று திங்கட்கிழமை எழுதுகிறேன்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு