வின்செஸ்டர் 1903: வாங்கும் முன் தோட்டாவைப் பாருங்கள்

பழைய .22 செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிள்களில் எது மனதில் நின்றது என்று கேட்டால் தயங்காமல் வின்செஸ்டர் 1903 என்பேன். சுடும் பயிற்சி ரேஞ்சுக்கு வரும் பெரியவர் ஒருவர் தன்னுடையதை என் கையில் கொடுத்து, "போல்ட்டைத் திறங்க பார்ப்போம்" என்றார். போல்ட் என்பது தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் உலோகக் கட்டை. அதை இழுக்கப் பக்கவாட்டில் கைப்பிடியே இல்லை. முன்கட்டையின் நுனியில், குழலுக்குக் கீழே, ஒரு சின்ன உலோகத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பின்னோக்கி அழுத்தினால் உள்ளே போல்ட் நகர்கிறது. ஸ்பிரிங் நல்ல இறுக்கம், அழுத்தும்போதே கைக்குத் தெரியும்.

வின்செஸ்டரின் வடிவமைப்பாளர் டி.சி. ஜான்சன் உருவாக்கிய இதில் போல்ட்டைப் பூட்டும் அமைப்பு எதுவும் கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே பின்னுதைப்பைத் தாங்குகின்றன. அந்த எடையில் ஒரு பகுதி முன்கட்டைக்குள் போய்விடுவதால்தான் வெளியே இவ்வளவு மெலிதாகத் தெரிகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

சரி, தோட்டாவுக்கு வருகிறேன். இது .22 லாங் ரைஃபிள் (பெயர் அப்படி இருந்தாலும் அது வழக்கமான .22 தோட்டா வகை) சுடும் துப்பாக்கி இல்லை. 1903-ல் கடைகளில் கிடைத்த .22 தோட்டாக்களில் கரிமருந்து அடைத்தவையும் கலந்திருந்தன. அந்தக் கரி செமி ஆட்டோமேட்டிக்கை வெகு சீக்கிரம் அடைத்துவிடும். அதனால் புகையில்லா மருந்து மட்டுமே அடைத்த .22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக் என்ற தனித் தோட்டாவையே கொண்டுவந்தார்கள். அன்றைக்குச் சரியான முடிவு. இன்றைக்கு அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மெக்சிகோவின் அகிலா நிறுவனம் தயாரித்திருக்கிறது, கண்ணில் பட்டால் வாங்கி வைத்துவிடுங்கள்.

லாங் ரைஃபிளைப் போட்டுப் பார்க்கலாமே என்று தயவுசெய்து யாரும் முயல வேண்டாம். இதன் சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை, அகலமானது. லாங் ரைஃபிள் அதில் தளர்வாக உட்காரும், சுட்டால் உறை உப்பி வெடிக்கலாம். சேம்பருக்குள் குழாய் செருகி லாங் ரைஃபிளுக்கு மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லாங் ரைஃபிள்தான் வேண்டுமென்றால் இதே அமைப்பில் 1933-ல் வந்த மாடல் 63 இருக்கிறதே! 1958 வரை செய்தார்கள். மாற்றப்படாத 1903-கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

வாங்குபவர்கள் ரிசீவருக்கு (போல்ட் இயங்கும் உலோகப் பெட்டி) பின்னால் கட்டை மெலியும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ரிசீவரின் பின்பக்கத் திருகைக் கழற்றினால் துப்பாக்கி இரண்டாகப் பிரியும். அந்தத் திருகு தளர்ந்த நிலையிலேயே சுட்டுவந்திருந்தால் மரம் அங்கேதான் விரிசல் விடும். ஆரம்பத்தில் வந்த சில ஆயிரம் துப்பாக்கிகளில் சேஃப்டியே கிடையாது, அதையும் கவனியுங்கள். பளபளவென்று உலோகத்துக்குப் புதிதாக நீலப் பூச்சு ஏற்றியதைவிட, தேய்ந்திருந்தாலும் பழைய பூச்சோடு இருப்பதற்கே என் ஓட்டு.

அப்புறம், தோட்டாக்களை அடைத்துவைக்கும் மேகசின் பின்கட்டைக்குள் இருக்கிறது, பத்துத் தோட்டா பிடிக்கும். உள்குழாயை உருவித் தோட்டாக்களைக் கொட்டிவிட்டால் காலியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சேம்பரில் ஒன்று இருக்கலாம். தண்டை அழுத்தி, போல்ட் பின்னால் போனதும் உள்ளே கண்ணால் பார்த்த பிறகே அடுத்தவர் கையில் கொடுங்கள்.