அப்புச்சியோட மருத்துவ உயில்: ஈரோடு பக்கம் ஆராச்சும் பண்ணியிருக்கீங்களா?

வணக்கமுங்க. நாங்க கோபி பக்கம். அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பாவுக்கு) 82 வயசு. போன வருசம் அமுச்சி ஐசியூவுல கெடந்ததைப் பாத்ததுல இருந்து, "எனக்கு வெண்டிலேட்டரெல்லாம் மாட்டப்படாது சாமி, எழுதி வெச்சிரு"ன்னு ஒரே புடியா நிக்கறாருங்க. இப்படிப் பொழைக்க வழியில்லாதப்ப என்ன வைத்தியம் வேண்டாம்னு முன்னாடியே எழுதி வெக்கறதுதான் மருத்துவ உயில். நெனவு தெளிவா இருக்கறப்பவே முடிச்சிடலாம்னு பாக்கறோம்.

2018ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு வழி சொல்லுச்சு. அப்ப மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு இருந்துச்சு. 2023 ஜனவரியில அதை மாத்தி, ரெண்டு சாட்சி, கூட நோட்டரியோ கெசட்டட் ஆபீசரோ போதும்னுட்டாங்க. அதுவரைக்கும் புரிஞ்சுதுங்க.

சிக்கல் அதுக்கப்பறம்தான். ஒரு நகலை உள்ளாட்சியில பொறுப்பான அலுவலர்கிட்டக் குடுக்கோணுமாம். அங்க போயி விசாரிச்சா, "சொத்து உயிலா? பத்திர ஆபீசுக்குப் போங்க"ன்னு திருப்பி உட்டுட்டாங்க. சொத்துக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்! உங்க ஊர்ல ஆரு வாங்கிக்கிட்டாங்க?

இன்னொண்ணு. வைத்தியத்தை நிறுத்தறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் குழு, அப்பறம் இன்னொரு குழு, ரெண்டும் ஒத்துக்கோணும். ரெண்டாவது குழுவுல மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கற டாக்டரும் இருக்கோணும். கோயமுத்தூர்லயோ ஈரோட்டுலயோ இது நெசமா நடந்து பாத்தவங்க இருக்கீங்களா? எத்தன நாளாச்சு?

அப்புச்சியால பேச முடியாதப்ப அவருக்காக முடிவு சொல்ற ஆளா எங்கம்மாவையும் மாமாவையும் போடலாம்னு இருக்கோம். மாமா இன்னும் "பெத்தவரைச் சாவுன்னு உடச் சொல்றயா"ன்னு கோவத்துலதான் இருக்காரு. அவருகிட்ட எப்படிப் பேசறதுன்னும் சொல்லுங்க.